லீவுல வந்திருக்கியா?

2023 மார்ச்சில் மனைவி, 11 வயது மகன், எட்டுப் பெட்டிகள் சகிதம் அமெரிக்காவிலிருந்து சென்னை மடிப்பாக்கத்தில் அம்மா வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். வேலை போய்விட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு மாமி, அம்மாவின் கோயில் தோழிகள் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "இங்கேர்ந்தே வேலை பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க."

கண்டுபிடித்தது தெருமுனை இஸ்திரிக்காரர். ஜூலையில் ஒரு நாள் துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, "அம்மா புடவை வருது, தம்பி யூனிஃபார்ம் வருது. சார் சட்டை ஒண்ணுகூட வரலியே, ஆபீஸ் இல்லீங்களா?" என்றார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்கும் கேமரா முன்னால் உட்கார வாரத்துக்கு இரண்டு சட்டையாவது வேண்டும். நாலு மாதமாகக் கட்டிக்காத்த கதையில் அந்த ஓட்டையை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் போடாத சட்டைகள் ஐந்தை எடுத்து இஸ்திரிக்குப் போட்டேன். இதைவிடக் கேவலமான காரியம் வாழ்க்கையில் செய்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

வேலை போன கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஜனவரியில் ஒரு காலை ஆபீஸ் லேப்டாப் திறக்க மறுத்தது. மூன்று தடவை பாஸ்வேர்டு தட்டிய பிறகு சொந்த மெயிலைப் பார்த்தால் கடிதம் வந்திருந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த பருவம் அது. அந்த நேரத்தில் 60 நாள் என்பது வாடகை ஒப்பந்தத்தை முறிக்கவும் காரை விற்கவுமே சரியாக இருந்தது.

இத்தனைக்கும் இது எனக்கு முதல் தடவை இல்லை. 1997-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் முடித்து, 1999-ல் ஒய்2கே அலையோடு (2000-ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பாமல் இருக்க ஆள் எடுத்த காலம்) அமெரிக்கா போய், 2001-ல் டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது இதே மாதிரி திரும்பி வந்தவன்தான். அப்போது வயது 26. சென்னையில் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, இரண்டு மாதத்தில் வேலை கிடைத்துவிட்டது. அம்மா பாயசம் வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. 2011-ல் மறுபடி போய், 47 வயதில் மறுபடி வந்தபோதும் அம்மா பாயசம் வைத்தாள். ஆனால் ஊர் கேட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுவதற்குள் மூன்று பேராவது கேட்டுவிடுவார்கள்: "என்னப்பா, லீவுல வந்திருக்கியா?"

கல்லூரியில் நாங்கள் நாலு பேர் ஒரு செட். காலப்போக்கில் பெயர் உதிர்ந்து, ஒவ்வொருத்தருக்கும் ஊர் ஒட்டிக்கொண்டது. டல்லாஸ், எடிசன், சிகாகோ, நான். இதில் எடிசன் பெண். எங்கள் வகுப்பில் எல்லாரையும்விட அதிக மார்க் வாங்கியவள். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறாள். சிகாகோ 2013-லேயே சென்னைக்கு வந்து, வேளச்சேரியில் ஆர்கானிக் கடை வைத்து, அதை மூடி, இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். பத்து வருஷம் ஆகியும் அவன் சிகாகோதான். நான் வந்த பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 'மடிப்பாக்கம்' என்று ஆரம்பித்து, நாக்கில் உட்காராமல் விட்டுவிட்டார்கள்.

டிசம்பரில் ஊருக்கு வரும்போதெல்லாம் கூடுவோம். அந்தக் கூட்டங்களில் பேசியதெல்லாம் நினைத்தால் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் ஸ்பெல்லிங் போட்டி, எந்த ஏர்லைன்ஸில் சாப்பாடு தேவலை. இத்தனை வருஷ நட்பில் ஒருத்தர் சம்பளம் ஒருத்தருக்குத் தெரியாது, ஒருத்தர் பயமும் தெரியாது.

2023 டிசம்பர் கூட்டம் வேறு மாதிரி அமைந்ததற்குக் காரணம் மிக்ஜாம் புயல். 4-ஆம் தேதி சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். டல்லாஸ் வந்த விமானம் பெங்களூருக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பஸ் பிடித்து வந்தான். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அது வடிந்த பிறகு, நனைந்த சாமான்களையெல்லாம் மொட்டை மாடியில் பரப்பிவைத்திருந்தேன். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள், ஆல்பம், அப்பாவின் பழைய டைரிகள் எல்லாம் வெயிலில், ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல். எங்கேயாவது ஹோட்டலில் சந்திக்கலாம் என்றுதான் திட்டம். காகிதங்களை விட்டு நகர முடியாததால் மூன்று பேரையும் மாடிக்கே வரச்சொன்னேன். அம்மா காபியும் முறுக்கும் கொடுத்தனுப்பினாள்.

காபி முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "வொர்க் ஃப்ரம் ஹோம்லாம் இல்லடா. ஜனவரில வேலை போச்சு. அக்டோபர்லதான் இங்க ஒண்ணு கெடச்சுது. சம்பளம் அங்கத்ததுல கால்வாசி." யாரும் ஆச்சரியப்படவில்லை. டல்லாஸ் கொஞ்ச நேரம் எதிர்வீட்டு டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் மட்டும் என்னடா கிழிச்சுட்டேன்? அம்பது ஆகப்போகுது, ஒண்ணுமே ஆகல" என்றான்.

எடிசனுக்கு இந்த மாதிரிப் பேச்சே பிடிக்காது. பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. நடுவில் கோடு போட்டாள். இடப்பக்கம் 'வரிசை', வலப்பக்கம் 'நான்' என்று தலைப்பு. "என்னென்ன ஆகல, ஒவ்வொண்ணா சொல்லு. எது எந்தப் பக்கம்னு பார்க்கலாம்."

முதலில் கிரீன் கார்டு. டல்லாஸ் அதை வலப்பக்கம் எழுதச்சொன்னான். "நான்தான் 2009-லேயே போட்டிருக்கணும். தள்ளிப்போட்டுட்டேன்." எடிசன் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை அடிப்படையில் அமெரிக்கா வருஷத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டுகள் சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்ளேயே அடக்கம். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. இந்தியாவிலிருந்து போனவர்கள் லட்சக்கணக்கில் அந்த வாசலில் நிற்கிறார்கள். "பெருமாள் கோயில் க்யூல முன்னாடி நிக்கிறவன் புத்திசாலி, பின்னாடி நிக்கிறவன் மக்குன்னா சொல்லுவே?" என்று கேட்டுக்கொண்டே இடப்பக்கம் எழுதினாள். சீக்கிரம் போட்டிருக்கலாம் என்பதைச் சின்னதாக வலப்பக்கமும் எழுதினாள். நியாயஸ்தி.

அடுத்து டைரக்டர் பதவி. ஒரே கம்பெனியில் 11 வருஷம் உட்கார்ந்ததால் வரவில்லை. ஏன் உட்கார்ந்தான்? கம்பெனி மாறினால் கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றிதழ், ஐ-140 மனு எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும் என்ற பயம். பயம் பாதி நியாயம். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டிவிட்டால் பழைய கம்பெனி கையை விரித்தாலும் வரிசையில் நின்ற தேதி பொதுவாக நம்மோடேயே வரும். அவனுக்கு அது தெரியும். ஆனாலும் மாறவில்லை. எடிசன் இதைக் கோட்டின் மேலேயே குறுக்காக எழுதினாள்.

மகன். 2003-ல் சென்னையில் பிறந்தவன், மூன்று வயதில் டெக்சாஸ் போனவன். 2024 பிப்ரவரியில் 21 முடியவிருந்தது. அப்பாவின் விசா நிழலிலிருந்து விழுந்துவிடுவான். மாணவர் விசாவுக்கு மாற விண்ணப்பித்திருந்தார்கள். படித்து முடித்ததும் அவனும் எச்-1பி குலுக்கலில் நிற்க வேண்டும், அப்பா ஆரம்பித்த அதே விசாவுக்காக. அங்கேயே பிறந்த தங்கை அமெரிக்கக் குடிமகள். ஒரே வீட்டில், ஒரே சாம்பாரைச் சாப்பிடும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சட்டம். இதைச் சொல்லும்போது டல்லாஸுக்குக் குரல் கம்மியது. இடப்பக்கம்.

எடிசன் தன்னுடையதையும் அதே தாளில் எழுதினாள். 2003-ல் எச்-4 விசாவில் போனவள். கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்கள் அப்போது வேலை செய்யவே கூடாது. ஐ-140 ஒப்புதலானவர்களின் துணைவருக்கு வேலை அனுமதி வந்தது 2015 மே மாதம்தான். 12 வருஷம். எங்களில் அதிக மார்க் வாங்கியவள் நாற்பதைத் தாண்டிய பிறகு டெஸ்டிங் வேலையில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். "இது வரிசை" என்று இடப்பக்கம் எழுதியவள், கொஞ்சம் யோசித்து வலப்பக்கம் இன்னொரு வரி எழுதினாள்: 'அனுமதி வந்த பிறகும் ரெண்டு வருஷம் பயந்து வீட்டில் உட்கார்ந்தது.' அதை அவள் கணவருக்குக்கூடச் சொன்னதில்லையாம்.

சிகாகோ ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான், அதுவும் சிரித்துக்கொண்டே. அமெரிக்காவில் முதுமைக்கால சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் கிடைக்க 40 கிரெடிட் வேண்டும், வருஷத்துக்கு அதிகபட்சம் 4. அவன் ஒன்பது வருஷத்தில் கிளம்பிவிட்டான். கையில் 36. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கு ஒப்பந்தம் இல்லாததால் இங்கே கட்டிய பி.எஃப். வருஷங்களை அங்கே சேர்த்துக்கொள்ள வழியில்லை. ஒன்பது வருஷம் சம்பளத்தில் பிடித்த வரி போனது போனதுதான். "இன்னும் ஒரே வருஷம்டா" என்றான். வலப்பக்கம், பெரிய எழுத்தில்.

கிளம்பும் யோசனையில் இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. கிரெடிட் எண்ணிக்கையை சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்திலேயே கணக்குத் தொடங்கிப் பார்த்துவிடலாம். ஐ-140 ஒப்புதல் கடிதத்தின் நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். கம்பெனி தரத் தயங்கும், வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அங்கே ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த 401(கே) பணத்தை ஊருக்குப் போகிற அவசரத்தில் உடைக்காதீர்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. அது பாட்டுக்கு அங்கே கிடக்கட்டும். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு இங்கே முதல் இரண்டு மூன்று நிதியாண்டுகள் வருமான வரியில் ஓர் இடைநிலை உண்டு. அதுவரை வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லை. எத்தனை வருஷம் கிடைக்கும் என்பது இறங்கும் தேதியைப் பொறுத்தது, ஆகவே ஆடிட்டரை டிக்கெட்டுக்கு முன் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை, வந்ததும் உள்ளூர்க் கணக்காக மாற்றிவிட வேண்டும். நான் ஏழு மாதம் மாற்றாமல் வைத்திருந்தேன். மாற்றினால் திரும்பிப் போக மாட்டேன் என்று ஆகிவிடுமே, அதனால்.

எனக்கு அதிகம் வலித்தது மருத்துவக் காப்பீடு. சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. நான் பாலிசி எடுத்தபோது அது நாலு வருஷம் வரை இருந்தது, 2024-ல் அதிகபட்சம் மூன்று என்று குறைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும்போதே இங்கே ஒரு பாலிசி எடுத்து வருஷா வருஷம் கட்டி வந்திருந்தால் வந்து இறங்கிய அன்றே அந்தக் காலம் கழிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய சிகாகோவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏன் கேட்கிறாய் என்பான், உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

வேலை தேடியதைப் பற்றி ஒன்று மட்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நேர்முகத் தேர்வு. எதிரில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "சார், நீங்க கோட் எழுதுவீங்களா, எழுத வைப்பீங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆறு வருஷமாக நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று மாதம் தினமும் விடிகாலை உட்கார்ந்து, மறந்ததையெல்லாம் திரும்பப் படித்தேன். அப்புறம்தான் வேலை கிடைத்தது. சம்பளத்தை டாலருக்கு மாற்றிப் பார்ப்பதை நிறுத்த இன்னும் ஆறு மாதம் ஆயிற்று.

மொட்டை மாடிக்கு வருகிறேன். என் முறை வந்தபோது நான் வேலையைச் சொல்லவில்லை. "அப்பா" என்றேன். 2021 மே, கொரோனா இரண்டாம் அலை. அப்பா போனபோது என்னால் வர முடியவில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா அந்த மாதம்தான் தடை போட்டிருந்தது, என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரையும் காலாவதி. வந்தால் வேலைக்குத் திரும்ப வழியில்லை. செல்போனில் பார்த்தேன், பி.பி.இ. உடுப்புப் போட்ட நாலு பேர், ஆறு நிமிஷம். எடிசன் எதுவும் கேட்காமல் இடப்பக்கம் எழுதினாள்.

அப்போது காற்றடித்து ஒரு டைரி புரண்டது. டல்லாஸ் எழுந்துபோய்ச் செங்கல்லை நகர்த்திவைத்தவன், திறந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்பா தொலைபேசித் துறையில் இருந்தவர். டிரங்க் கால் காலத்து ஆள். எந்த அழைப்புக்கும் நேரம் குறிப்பது கைப்பழக்கம். நான் பேசிய ஒவ்வொரு அழைப்பையும் வங்கியில் கொடுக்கும் டைரியில் குறித்துவைத்திருந்தார். மையெல்லாம் பரவியிருந்தது, பால்பாயிண்டில் எழுதியது மட்டும் தப்பித்திருந்தது.

2012: 'ஞாயிறு. 24 நி. குழந்தை அழும் சத்தம் கேட்டது.' அடுத்த ஞாயிறு '19 நி.' அதற்கடுத்தது '26 நி. நல்ல மூடில் இருந்தான்.' 2017-ஐ எடுத்தோம். 'ஞாயிறு. வரவில்லை.' 'ஞாயிறு. 3 நி. மீட்டிங்காம்.' 'வரவில்லை.' 'வரவில்லை.' '9 நி. அவளிடம் பேசினான்.' அவள் என்றது அம்மாவை. 2019-ல் வெறும் தேதியும் ஒரு கோடும்.

2017-ல் கொரோனா இல்லை. தடை இல்லை. போன் பேசக் காசும் ஆகாது, வாட்ஸ்அப் இலவசம். நான் அந்த வருஷம்தான் மேனேஜர் ஆகியிருந்தேன். எல்லாரிடமும் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொல்வாள்.

எடிசன் பேனாவை என்னிடம் நீட்டினாள். வலப்பக்கமும் 'அப்பா' என்று எழுதினேன். இடப்பக்கம் இருந்ததை அடிக்கவில்லை, அதுவும் உண்மைதான்.

அந்தத் தாளில் எனக்கு உறைத்தது இதுதான். எட்டு மாதமாக நான் வெட்கப்பட்டு, பொய் சொல்லி, சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டு மறைத்தது முழுக்க இடப்பக்கத்துச் சமாச்சாரம். வலப்பக்கம் இருந்ததற்கு ஒரு நாள்கூட வெட்கப்பட்டிருக்கவில்லை. டல்லாஸ் நிலையும் அதுதான். அவன் வலப்பக்கத்தில் கடைசியில் நின்றது ஒரே வரி: தாம்பரத்தில் தனியாக இருக்கும் அம்மா. 2009-லிருந்து அவன் சொல்லிவரும் 'இன்னும் ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்மா' பற்றி அவனே எழுதச்சொன்னான்.

அவன் திரும்பி வரவில்லை, மகள் படிப்பு முடிகிறவரை வர முடியாது. ஆனால் அம்மாவிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்தினான். "2029 வரைக்கும் வர முடியாதும்மா" என்று வருஷத்தைச் சொல்லிவிட்டான். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், அப்படியானால் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடலாமா என்று கேட்டாளாம். பதினாலு வருஷமாக மகனுக்காகப் பூட்டிவைத்திருந்த மாடி. இப்போது அங்கே ஒரு நர்ஸ் குடும்பத்தோடு இருக்கிறார், அம்மாவுக்கு பி.பி. பார்க்கிறார். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: வரமுடியாது என்றால் வரமுடியாது என்று சொல்லுங்கள். பெற்றவர்கள் காத்திருக்கிறவரை வேறு ஏற்பாடு செய்துகொள்ள மாட்டார்கள்.

எங்கள் நாலு பேருக்குள் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை பேசும்போது வேலை நிலவரத்தை உள்ளபடி சொல்வது. யார் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது, யாரிடம் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் கூச்சமாக இருந்தது. அடுத்த மாதம் எடிசன் தன் டீமில் ஆள் குறைக்கப் போவதாகச் சொன்னாள், சிகாகோவின் பழைய மாணவன் ஒருவன் வழியாக அவளுக்கு வேறு இடம் அமைந்தது. சும்மா ஏர்லைன்ஸ் சாப்பாட்டைப் பேசிக்கொண்டிருந்திருந்தால் நடந்திருக்காது.

போன தை மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை மாமா கேட்டார், "லீவுல வந்திருக்கியா?"

"இல்ல மாமா. அங்க வேலை போயிடுச்சு. வந்துட்டேன். துரைப்பாக்கத்துல ஆபீஸ்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தார். அவ்வளவுதான். அடுத்த கேள்வி, பாயசம் சேமியாவா பாலாடையா என்பது.

எங்கள் வீட்டுக்கு விமானச் சத்தம் நன்றாகக் கேட்கும். நான் அங்கே இருந்த வருஷங்களில் ராத்திரி ஏதாவது பெரிய விமானம் ஏறினால் அம்மா கடிகாரத்தைப் பார்த்து "அவன் ஊர் பிளேன்" என்பாளாம். அப்பா இந்நேரத்துக்கு அது துபாய் போவது என்று திருத்துவாராம். நேற்று ராத்திரி ஒன்று ஜன்னல் அதிர ஏறியது. அம்மா புரண்டு படுத்து, "அந்தக் கொசு பேட்டை சார்ஜ்ல போட்டியா?" என்றாள்.